காரணம் பதிவு செய்யப்படவில்லை

அந்த அம்மாள் "வேண்டாம்" என்று சொன்னால் அதற்குப் பின்னால் எதுவும் வராது. "ஏனென்றால்" வராது, "பார்க்கலாம்" வராது. கைப்பேசியை அணைத்துத் துணிப்பையில் போட்டுவிட்டு, ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிடுவார்.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் கோப்பு எழுதியவன். சார்புச் செயலராக ஓய்வு பெற்றேன். ஒரு விண்ணப்பத்தை மறுப்பதென்றால் காரணத்தை எழுத வேண்டும். காரணம் எழுதாத மறுப்பு மேல்முறையீட்டில் நிற்காது. இதை எத்தனை இளநிலை அலுவலர்களின் தலையில் ஏற்றியிருப்பேன் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவனை, ஓய்வுக்குப் பிறகு ஆறு ஆண்டுகள், ஒரு முன்னாள் தொலைபேசி ஆபரேட்டர் காரணமே சொல்லாமல் மறுத்துக்கொண்டிருந்தார். நானும் பொறுத்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லை. ரேடார் படம் பார்க்கத் தெரிந்தவர் எங்களில் அவர் ஒருவர்தான்.

நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் டெல்லி முனிர்காவில் அடுக்ககம். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கந்தசாமி கோயமுத்தூர்க்காரர். அந்த அம்மாள் தூத்துக்குடி. நான் கும்பகோணம். டெல்லித் தமிழர்கள் ஓய்வு பெற்றதும் கர்நாடக சங்கீதத்திலோ மருமகள் மீதான விமரிசனத்திலோ இறங்குவார்கள். நாங்கள் தூண்டிலில் இறங்கினோம். டெல்லிக்கு வடக்கே மூன்று மணி நேரத் தொலைவில் ஓர் அணை நீர்த்தேக்கம் உண்டு. பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அங்கே மீன்பிடி அனுமதிச் சீட்டுக்கான படிவத்தில் இருந்த ஏழு பிழைகளைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அங்கே மகேஷ் என்ற படகுக்காரர் தன் மரப்படகில் எங்களை ஏற்றி, நடு நீருக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். மாலை வரை உட்கார்ந்திருப்போம். அதுதான் திட்டம். திட்டம் நிறைவேறிய நாட்கள் குறைவு.

சனிக்கிழமை சாயங்காலம் மலை மந்திர் முருகன் கோவில் படிகளுக்குக் கீழே, தேநீர்க் கடை பெஞ்சில் கூடுவோம். கோவிலுக்குப் போய்விட்டு வரும் கந்தசாமி நெற்றி நிறையத் திருநீறுடன் இருப்பார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைப்பேசியை மூக்குக்கு நாலு விரற்கடை தூரத்தில் வைத்துக்கொள்வார். திரையில் டெல்லியை நடுவில் வைத்து ஒரு வட்டம். மழை இருக்கும் இடங்கள் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதன் கனத்துக்கு ஏற்ப நிறம் காட்டும். மற்றவர்கள் அதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வானம் தெளிவு என்பார்கள். இவர் கடந்த இரண்டு மணி நேரப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்ப்பார். மறுபடி ஓடவிடுவார். நீர்த்தேக்கம் இருக்கும் இடத்தில் இடது கை விரலை வைத்துக்கொண்டு, வலது கை விரலால் ஒரு பச்சைத் திட்டைத் துரத்திக்கொண்டு போவார். அப்போது அவரிடம் பேசக் கூடாது. தேநீர்க்காரர்கூட, "ஆன்ட்டி டிவி தேக் ரஹீ ஹை", டிவி பார்க்கிறார் என்று தன் பையனிடம் சொல்லிக் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார்.

கந்தசாமியின் கைப்பேசியிலும் வானிலை தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ஒரு சூரியன், அதன் மேல் ஒரு மேகம், அதிலிருந்து இரண்டு சொட்டு.

"இதுல சூரியன் இருக்குதுங்களே, மேடம்," என்று ஒரு தடவை காட்டினார்.

"அது ஜோசியம் அண்ணாச்சி. இது போட்டோ," என்றார் அந்த அம்மாள்.

எங்கள் இருவரையுமே அண்ணாச்சி என்றுதான் அழைப்பார். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த என்னை வேறு யாரும் அப்படி அழைத்ததில்லை. மளிகைக் கடை வைத்திருப்பவன் போல இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். "வச்சிருந்தா நல்லா இருந்திருப்பீங்க," என்றார். இதற்கும் காரணம் சொல்லவில்லை.

மீன்பிடிப்பில் அவர் எங்களைவிட மேல். கோதுமை மாவில் பெருங்காயம் கலந்து உருண்டை பிடித்து எடுத்து வருவார். மீன் அவர் தூண்டிலுக்கு மட்டும் வரும். வந்ததை அப்படியே மகேஷிடம் கொடுத்துவிடுவார். கடல் மீன் தின்று வளர்ந்த நாக்கு சேற்று மீனைத் தொடாது என்பது அவர் கொள்கை. அப்படியானால் எதற்கு மூன்று மணி நேரம் பயணம் செய்து பிடிக்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு, தூண்டிலைப் பார்த்துக்கொண்டே "உம்" என்றார்.

இந்தக் குணம் மீனோடு நிற்கவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நான் கூட்டக் குறிப்பு எழுதுபவன். பொங்கல் விழாவுக்குப் பூங்காவில் தகரக் கூரை போட்ட பந்தல் போடலாம் என்று தீர்மானம் வந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். இவர், "அது வேண்டாம்," என்றார். தலைவர் காரணம் கேட்டார். "வேண்டாம்னு எழுதிக்கிடுங்க," என்றார். நானும் வேறு வழியின்றி, 'ஓர் உறுப்பினர் உடன்படவில்லை. காரணம் பதிவு செய்யப்படவில்லை' என்று எழுதினேன். பந்தல் போட்டார்கள். கடைசி நாள் வரை கல்லைப் போல நின்றது. நான் அதைப் பற்றி அவரிடம் விசாரித்தேன். தப்பாகச் சொல்லிவிட்டோமே என்ற சங்கடம் சற்றும் இல்லை. "நின்னுச்சுல்லா, நல்லது," என்று சர்க்கரைப் பொங்கல் தொன்னையுடன் நகர்ந்துவிட்டார்.

அவர் ரத்து செய்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். ஒவ்வொரு முறையும் சாயங்காலம் மகேஷுக்குப் போன் செய்து, அங்கே மழையா காற்றா என்று கேட்டு, அதையும் எதிரே எழுதுவேன். ஒரு வருடத்தில் ஒன்பது ரத்து. அதில் ஆறு நாள் அங்கே ஒரு சொட்டும் விழவில்லை. நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஒம்பதுல ஆறு தப்பு, மேடம்."

அவர் விரலால் வரிகளை எண்ணிப் பார்த்தார். "அந்த ஆறு நாளும் மீனெல்லாம் பிழைச்சுக் கெடந்திருக்கும்," என்றார்.

"மிச்ச மூணு நாளு நாமும் பிழைச்சுக் கெடந்தோமுங்களே," என்றார் கந்தசாமி. அவர் சமாதானப் பிரியர். சமாதானப் பிரியர்களால்தான் நிர்வாகம் கெடுகிறது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலையில் டெல்லியே மிதந்தது. சாலையில் முழங்கால் தண்ணீர், என் பால்கனித் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. அன்றைக்கு யாராவது ரத்து செய்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். போன் வந்தது. "சலோ அண்ணாச்சி, கெளம்புங்க."

"மேடம், வெளியே பாத்தீங்களா?"

"பாத்தேன். ஜல்தி வாங்க."

போனோம். மழை முழுவதும் எங்களைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டிருந்தது. அதன் பின்னால் துடைத்துவிட்டது போன்ற வானம். நீர்த்தேக்கத்தில் அப்படி ஒரு நாளை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்றுதான் கந்தசாமியின் தூண்டிலில் ஒரு பெரிய கட்லா மாட்டியது. கால் மணி நேரம் இழுத்தார். படகின் ஓரம் வரை வந்து, தன் அகலமான தலையை ஒருமுறை காட்டிவிட்டு, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தத் தலையைப் பற்றி அவர் இரண்டு வருடம் பேசினார்.

அதனால்தான் அந்த ஜூன் மாதம் அவ்வளவு முக்கியமானதாக ஆனது. கந்தசாமியின் மகன் கோயமுத்தூரில் வீட்டுக்கு மாடி எடுத்து, அப்பாவும் அம்மாவும் அங்கேயே வந்துவிட வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டான். மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமைக்கு ரயில் டிக்கெட். அதற்கு முன் ஒரே ஒரு நாள், அந்தக் கட்லாவோ அதன் தம்பியோ, எதுவானாலும் சரி, ஒரு பெரிய மீனைக் கையில் தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் அவரைப் பார்த்ததில்லை.

முதல் ஞாயிறு: வேண்டாம். இரண்டாவது ஞாயிறு: வேண்டாம். மூன்றாவது ஞாயிறு: வேண்டாம். மூன்று நாளும் அங்கே வெயில். மகேஷ் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். நான்காவது ஞாயிறுதான் கடைசி. சனிக்கிழமை சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த அம்மாள் படத்தை ஓடவிட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"நாளைக்கு வேண்டாம்."

கந்தசாமி செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "புதன்கிழமை எனக்கு ரயிலுங்க, மேடம்."

"தெரியும் அண்ணாச்சி."

"இனி இந்தப் பக்கம் வர்றது எங்கீங்க."

"அதுவும் தெரியும். வேண்டாம்."

எனக்குப் பொறுமை போயிற்று. "காரணம் சொல்லுங்க மேடம். ஒரு வரி போதும்."

அவர் தேநீர்க் கோப்பையை எடுத்தார்.

"இது போட்டோ, ஜோசியம் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்குக் காலைல வரப்போற மேகம் இன்னிக்கு சாயங்காலப் போட்டோவில எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. இப்போதும் நல்ல கேள்வி என்றுதான் நினைக்கிறேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தெரியாது," என்றார்.

"அப்ப?"

"வேண்டாம்."

"காரணம் இல்லாத உத்தரவு செல்லாது, மேடம்."

"செல்லாட்டிப் போகுது," என்று கைப்பேசியைப் பையில் போட்டார்.

மறுநாள் நானும் கந்தசாமியும் அவர் இல்லாமல் கிளம்பினோம். புறப்படும் முன், பல் துலக்கும்போதே, ஓர் இணையதளத்தில் ரேடார் படத்தைத் திறந்து பார்த்தேன். வட்டம் முழுவதும் வெறுமை. மேற்கு ஓரத்தில் மட்டும் நகத்தளவு பச்சை. நீர்த்தேக்கத்துக்கு வந்து, படகில் ஏறும் முன் மறுபடி பார்ப்பது என்று முறை வைத்திருந்தேன். பார்த்தேன். மணி பத்தாகப் பத்து நிமிடம். படத்தின் அடியில் 4:20 என்று இருந்தது.

இந்த இடத்தில் என் கல்வி எனக்கு உதவிக்கு வந்தது. வானிலைத் துறையினர் உலகம் முழுவதும் கிரீன்விச் நேரத்தில்தான் பதிவு செய்வார்கள். இந்திய நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். நாலு இருபதுடன் ஐந்தரை: ஒன்பது ஐம்பது. இந்த நிமிடத்துப் படம். வெறுமை. அதே நகத்தளவு பச்சை, நகராமல் அங்கேயே. எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது. கந்தசாமிக்கும் கணக்கை விளக்கினேன். "நீங்க படிச்சவருங்க," என்றார்.

அந்த இணையதளம் நேரத்தை ஏற்கனவே இந்திய நேரமாக மாற்றிக் கொடுப்பது என்பது எனக்குத் தெரியாது. நீர்த்தேக்கக் கரையில் சிக்னல் கிடையாது என்பது தெரியும். படம் திறந்ததால் அன்றைக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சிக்னல் இல்லாதபோது கைப்பேசி காலையில் திறந்த பழைய பக்கத்தையே எடுத்துக் காட்டும் என்பது தெரியாது. நான் பார்த்தது விடிவதற்கு முன், பல் துலக்கும்போது பார்த்த அதே படம். கிரீன்விச் நேரம் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஒருவன், நாலு இருபது என்றால் பழைய படம் என்று எறிந்திருப்பான்.

நடு நீரில் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மகேஷ் துடுப்பை நிறுத்தினார். "சாப், ஹவா பந்த் ஹோ கயி," என்றார். காற்று நின்றுவிட்டது, கரைக்குத் திரும்பலாம் என்றார். இருபது வருடமாக அந்தத் தண்ணீரில் இருப்பவர். நான் கைப்பேசியை எடுத்து அவருக்கு வட்டத்தைக் காட்டினேன். "ரேடார் சாஃப் ஹை, பையா." தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் வட்டத்தைப் பார்த்தார், மேற்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். படித்தவன் சொல்வதை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

கால் மணி நேரத்தில் மேற்குக் கரை பழுப்பாக மாறியது. டெல்லிக்காரர்களுக்கு ஆந்தி தெரியும்: கோடையில் மண்ணை வாரிக்கொண்டு வரும் புயற்காற்று. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பார்த்தால் அது ஒரு காட்சி. தண்ணீரில் இருந்து பார்த்தால், சுவர் ஒன்று நடந்து வருவது போல இருக்கும். மகேஷ் என்னைக் கேட்காமல் படகைத் திருப்பினார். பாதி தூரம்கூடப் போகவில்லை. காற்று எங்களைத் தூக்கி அணையின் கல் சரிவுப் பக்கம் தள்ளியது. மகேஷ் நீரில் குதித்துப் படகின் முனையைப் பிடித்தார். அடுத்த அலையில் கந்தசாமி கல்லின் மேல் போய் விழுந்தார். மிதவை அங்கிகளை எல்லோரும் மாட்டியே ஆக வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தியிருந்தேன். என் நடைமுறைகளில் உருப்படியானது அது ஒன்றுதான். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது தோள் மூட்டு மட்டும் நொறுங்கியது. மாவட்ட மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போது 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தின் முன் வெகுநேரம் நின்றேன்.

திங்கட்கிழமை அந்த அம்மாள் கந்தசாமி வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். முதல் நாள் ராத்திரியே நடந்ததை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்: எந்தப் படம், எத்தனை மணி, எங்கே தவறு, யார் பொறுப்பு. பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். கொடுத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் தாளை வாங்கி, மடித்து, மாத்திரை டப்பாவின் கீழே வைத்தார். "வலி எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கந்தசாமியிடம் கேட்டார். நான் அந்த அறையில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை நிஜாமுதீன் ஸ்டேஷன். கந்தசாமி கையைத் தூளியில் தொங்கவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நானும் அந்த அம்மாளும் பிளாட்பாரத்தில் நின்றோம்.

"மேடம், ஒண்ணு கேக்கறனுங்க," என்றார் கந்தசாமி. "அன்னிக்கு ஏன் வேண்டாம்னு சொன்னீங்க? சொல்லியிருந்தா நாங்க போயிருக்கமாட்டமுங்க."

ஆறு ஆண்டுகளில் முதல் முறையாக அந்த அம்மாள் காரணம் சொன்னார்.

"போன புதன்கிழமை ராஜஸ்தான் பக்கம் ராத்திரி மேகம் ஒண்ணு கெளம்பிச்சு. வியாழன் அதே எடத்துல சாயங்காலமே கெளம்பிச்சு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு. சனிக்கிழமை மத்தியானமே. நாளுக்கு நாள் முந்திக்கிட்டே வந்துச்சு, இந்தப் பக்கமாவே வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலைலயே வந்துருமோன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"நாலு நாளை வச்சு அப்படி முடிவுக்கு வர முடியாது, மேடம்," என்றேன். "நாலுமே தற்செயலா இருக்கலாம். அதோட அது அத்தனை தூரத்துல..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்குள் இருக்கும் தூளி கண்ணில் பட்டது. நிறுத்திவிட்டேன்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பவில்லை. "கேட்டீங்களா அண்ணாச்சி?" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "இதுக்குத்தான் சொல்றதில்ல. காரணம்னு ஒண்ணச் சொன்னா அதுக்கு ஒரு பதில் வரும். பதில் சொல்லி முடிச்சதும் போயிரலாம்னு ஆயிரும்."

கந்தசாமி சிரித்தார். சிரித்ததில் தோள் வலித்து முகம் கோணியது. ரயில் நகர்ந்தது.

கந்தசாமியின் கை அதன் பிறகு தோள் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. தூண்டில் வீச முடியாது. போனில் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "சோறு திங்க வருதுங்க, அது போதுமுங்க." என் மேல் ஒரு குறையும் சொல்லாத இருவரோடு எனக்கு நட்பு வாய்த்திருந்தது. இதைவிடப் பெரிய தண்டனையை எந்த ஒழுங்கு விதியிலும் நான் படித்ததில்லை.

மழைக்காலம் முடிந்து அக்டோபர் வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாளிடமிருந்து என் கைப்பேசிக்குப் படங்கள் வந்தன. இரண்டு மணி நேரத்து ரேடார் படங்கள், வரிசையாக. கீழே தமிழில் தட்டச்சு செய்திருந்தார். மேகம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது, நீர்த்தேக்கத்துக்கு எத்தனை மணிக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றால் எதனால். ஒவ்வொரு படத்துக்கும் நேரம். அடைப்புக்குறிக்குள் 'இந்திய நேரம்'. ஆறு வருடம் நான் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. என் பிரிவில் எவனும் அவ்வளவு ஒழுங்காக ஒரு குறிப்பு வைத்ததில்லை.

உடனே போன் செய்தேன். "பாத்தேன், மேடம். நாளைக்குப் போகலாமா, வேண்டாமா?"

"அதான் எல்லாம் எழுதியிருக்கேன்லா, அண்ணாச்சி."

"சரி. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ல. நீங்க பாத்து முடிவு பண்ணிக்கிடுங்க."

இரண்டு வருடம் கழித்து மகளோடு பெங்களூருக்குப் போகும் வரை, சனிக்கிழமை தவறாமல் அனுப்பினார். ஒவ்வொரு முறையும் நான் போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் அதே பதில், அதே மரியாதை. நான் அதன் பிறகு ஒரு தடவைகூடப் படகில் ஏறவில்லை. அவர் அனுப்பிய படங்களில் பெரும்பாலானவற்றில் வானம் தெளிவாகவே இருந்தது.